வாசற்படியில் நிற்கும் சக்கரம்

உங்கள் குடும்பத்தில் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ சென்று திரும்பியவர் ஒருவரேனும் இருப்பார். புனித ஹரம் ஷரீஃபில் சக்கர நாற்காலிகளைக் கண்டீர்களா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். எண்ணி மாளாது என்பார். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடைப்பட்ட தொங்கோட்டப் பாதையின் நடுவே சக்கர நாற்காலிகளுக்கென்றே தனிவழி பிரிக்கப்பட்டிருப்பதையும் எடுத்துரைப்பார். தம் தாயாரையே அவ்வாறு அமர்த்தித் தள்ளிச் சென்ற அனுபவமும் அவருக்கு இருக்கக்கூடும்.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய சலுகையன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜின்போது ஒட்டகத்தின்மீது அமர்ந்து தவாஃப் செய்தார்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தமக்கு உடல்நலமில்லை என்று முறையிட்டபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தவாறே வலம் வரும்படி பணித்தார்கள். நடக்க இயலாதவர் அமர்ந்தபடி இறையில்லத்தைச் சுற்றி வரும் வழக்கம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நம்மிடையே உள்ளது.

இனி அந்த ஹாஜியாருடன் அவருடைய மஹல்லாப் பள்ளிவாசலுக்கு வாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் எந்த ஊராயினும் ஆகட்டும். கடலோரத்துக் கோட்டைப்பட்டினமோ, ஜெகதாப்பட்டினமோ, அம்மாபட்டினமோ, உள்நாட்டு அறந்தாங்கியோ, இலுப்பூரோ, அன்னவாசலோ. குறிப்பிட்ட ஒரு பள்ளியைக் குறை கூற நான் முற்படவில்லை. நம் பள்ளிவாசல்கள் பொதுவாக எவ்வாறு எழுப்பப்படுகின்றன என்பதை நீங்களும் அறிவீர்கள். மழைநீர் ஏறாதிருக்க உயர்ந்த அடித்தளம். அதில் ஏற நான்கைந்து படிகள். பிறகு ஒரு நிலைப்படி. உளூச் செய்யும் ஹவுளைச் சுற்றி மீண்டும் ஒரு திட்டு. அமர்வதற்குக் குட்டையான கல். கால்கள் நலமாக இருக்கும்வரை இவை எதுவும் நம் கண்ணில் படுவதில்லை.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, சக்கர நாற்காலியில் நீங்கள் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாங்கோசை கேட்கிறது. முதல் தடை பள்ளிவாசலில் இல்லை. உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கூடத்திலிருந்து திண்ணைக்கு ஒரு படி, திண்ணையிலிருந்து தெருவுக்கு மூன்று படிகள். மகனும் மருமகனும் தூக்கி இறக்குகிறார்கள். தெருவில் சாக்கடைக்கு மேலே போட்ட கடப்பைக்கல் ஒன்று புரண்டு கிடக்கிறது. முன்சக்கரம் அதில் சிக்குகிறது. எப்படியோ பள்ளிவாசலை அடைகிறீர்கள். அங்கே நான்கு பேர் ஓடி வருகிறார்கள். நாற்காலியோடு உங்களைத் தூக்குகிறார்கள். நல்ல மனிதர்கள்தாம். ஆயினும் ஒருவர் கைப்பிடியைப் பற்ற, மற்றொருவர் கழன்றுவிடும் கால்தாங்கியைப் பற்ற, நாற்காலி சாய்கிறது. உங்கள் வேட்டி விலகுகிறது. ஜும்ஆவுக்கு வந்த கூட்டம் முழுவதும் பார்க்கிறது. அடுத்த வெள்ளியும் இப்படித்தான், அதற்கடுத்த வெள்ளியும் இப்படித்தான். நான்காவது வெள்ளியன்று உங்களைத் தூக்கும் மகன் வேலைக்குச் சென்றிருக்கிறான். அன்று நீங்கள் வீட்டிலேயே லுஹர் தொழுதுகொள்கிறீர்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிடுகிறது. பள்ளியில் எவரும், அவர் ஏன் வருவதில்லை என்று வினவுவதில்லை. 'அவருக்கு ஜும்ஆ கடமையில்லையே' என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையசைக்கிறார்கள்.

உண்மைதான், இயலாதவருக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அந்தச் சலுகை அவருக்கு உரியது. படிகளை அப்படியே விட்டுவைக்கும் நிர்வாகத்தினர் அதைத் தமக்கு உரியதாக எடுத்துக்கொள்ள இடமில்லை. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைவுகூருங்கள். அழைத்து வருவோர் இல்லாமையால் வீட்டிலேயே தொழுதுகொள்ள அனுமதி வேண்டிய அவரிடம், பாங்கோசை உமக்குக் கேட்கிறதா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். கேட்கிறது என்றார். அவ்வாறாயின் வருக என்று பணிக்கப்பட்டார். அவரே பின்னர் மதீனாப் பள்ளியின் முஅத்தின்களில் ஒருவரானார். பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பும் அவருக்கு அளிக்கப்பட்டது. அவரை முன்னிட்டே 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின என்பதைத் திருமறை ஓதுவோர் அனைவரும் அறிவர்.

அழுக்கும் உளூவும்

சக்கரம் தெருவில் உருண்டு வருகிறதே, அதைத் தொழும் பாயின்மீது எவ்வாறு விடுவது என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தெருவின் புழுதி அனைத்தும் நஜீஸ் ஆகிவிடுவதில்லை. தெருச் சேற்றில் தவிர்க்க இயலாத அளவுக்குச் சலுகை உண்டென்பதை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. ஐயம் தீரவில்லையா? வாயிலில் ஈரத்துணி ஒன்றை வைத்து நான்கு சக்கரங்களையும் துடைத்துவிட இரண்டு நிமிடம் போதும். பள்ளிக்கென்றே ஒரு நாற்காலியை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் வருபவர் அதில் மாறி அமர்ந்துகொள்ளலாம். கஅபாவைச் சுற்றி உருளும் சக்கரத்திற்கு இல்லாத தடை நம் ஊர்ப் பாயின்மீது எங்கிருந்து வந்ததென்று எனக்கு விளங்கவில்லை.

இதனினும் ஆழமான தடை ஒன்று உண்டு. பலர் வெளியில் சொல்ல நாணுவது. பனை, தென்னையிலிருந்து விழுந்தோ, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தோ, இருசக்கர வாகன விபத்திலோ முதுகுத் தண்டு முறிந்தவர்களுக்குக் கால்களோடு சேர்ந்து சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் போய்விடுவதுண்டு. குழாயும் பையும் பொருத்தியிருப்பார்கள். 'நான் எப்போதும் அசுத்தமானவன். எனக்குத் தொழுகையே கூடாது' என்று அவர்களுள் சிலர் தாமாகவே முடிவு செய்து, தொழுகையைக் கைவிட்டு விடுகிறார்கள். இது வேதனைக்குரிய தவறு. இடைவிடாத கசிவு உடையவருக்கென்றே மார்க்கத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, உளூச் செய்து தொழ வேண்டியதுதான். அதற்குப் பின் அவரை மீறிக் கசிவது அவருடைய தொழுகையை முறிப்பதில்லை. ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே இதில் நுட்பமான வேறுபாடுகள் உள்ளன. பள்ளிக்குள் வருவது பற்றியும் சேர்த்து உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆலிம் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் நீங்களே அவர் வீட்டிற்குச் சென்று சொல்லுங்கள்.

பெண்ணின் நிலை

ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்த்ததுண்டா? மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; பேருந்தில் ஏற வேண்டும்; உறவினர் இல்லத் திருமணத்திற்கு மண்டபத்தின் மாடிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு படிக்கட்டிலும் அவளைத் தூக்குவது யார்? அத்தாவுக்கு வயதாகிவிட்டது, காக்கா சவூதியில் இருக்கிறார். நடத்துநரும், வழிப்போக்கரும், மண்டபத்துப் பணியாளரும் கைகொடுக்கிறார்கள். பர்தாவைப் பற்றி மேடைதோறும் பேசும் சமுதாயம் இது. அந்நிய ஆடவர் கைகளில் தூக்கப்படாமல் வெளியே செல்லும் வழியை நம் பெண்ணுக்கு நாம் கட்டிக் கொடுத்திருக்கிறோமா? அதனால்தான் அவள் வெளியே வருவதையே நிறுத்திவிடுகிறாள். வீட்டாரும் அதுவே நல்லதென்று இருந்துவிடுகிறார்கள்.

விருந்துகளிலும் இதே கதைதான். கடற்கரை ஊர்களில் சஹனைச் சுற்றித் தரையில் அமர்ந்து ஒன்றாக உண்பது சகோதரத்துவத்தின் அடையாளம் என்று பெருமைப்படுகிறோம். தரையில் அமர இயலாதவருக்கு ஒரு மூலையில் தனித் தட்டு. அல்லது வீட்டிற்கே தூக்குவாளியில் பார்சல். திருமறையின் 24ஆம் அத்தியாயம் 61ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோரைக் குறிப்பிட்டு, வீடுகளில் உண்பதில் அவர்கள்மீது குற்றமில்லை என்று தொடங்குகிறது அவ்வசனம். அக்காலத்தில் அவர்களோடு சேர்ந்து உண்பதில் மக்களிடம் இருந்த தயக்கத்தை நீக்கவே அது இறங்கியதென்று விரிவுரையாளர்கள் சிலர் கூறுகின்றனர். அத்தயக்கம் வேறு வடிவில் நம் விருந்துக் கூடத்தில் இருக்கிறது. சஹனை ஒரு மேசைமீது வைத்து, நால்வரும் நாற்காலியில் அமர்ந்து உண்டால் பரக்கத் குறைந்துவிடாது.

நம்மவர்களிடம் இரக்கம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. சொல்லப்போனால் அதுவே சில வேளைகளில் துன்பமாகிவிடுகிறது. பள்ளிவாசல் வாயிலிலோ தர்கா வாயிலிலோ சக்கர நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருந்தால், அவர் யார் என்று பாராமலே மடியில் நாணயம் விழுகிறது. அவர் ஆசிரியராக இருக்கலாம், கடை முதலாளியாக இருக்கலாம். ஸகாத் கொடுப்பவராகவே இருக்கலாம். மருத்துவரிடம் போனால், அமர்ந்திருப்பவரை விட்டுவிட்டுத் தள்ளி வந்தவரிடம், 'இவருக்கு என்ன செய்கிறது?' என்று கேட்கிறார்கள். வயது நாற்பதைக் கடந்தவரையும் குழந்தையைப் போல் தலையைத் தடவுகிறார்கள். 'யார் செய்த பாவமோ' என்று காதுபடச் சொல்பவர்களும் உண்டு. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்று திருமறை பல இடங்களில் தெளிவாக்கியிருக்க, இந்தப் பேச்சு முஸ்லிம் வீட்டில் எப்படிப் புகுந்ததோ!

வீட்டார் காட்டும் அன்பும் சில சமயம் விலங்காகிவிடுகிறது. கால் ஊனமுற்ற அம்ரு இப்னுல் ஜமூஹ் (ரலி) அவர்கள் உஹது களத்திற்குப் புறப்பட்டபோது அவருடைய புதல்வர்கள் தடுத்தார்கள். அவர் நேரே பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார். உமக்குக் கடமையில்லை என்று அவரிடம் கூறிய பெருமானார், அவரைத் தடுக்க வேண்டாமென்று புதல்வர்களிடமும் கூறினார்கள். அவர் களம் கண்டு ஷஹீதானார். பின்னாளில் மக்காவின் முஃப்தியாக விளங்கிய அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் கறுத்த நிறத்தவர், கால் ஊனமுற்றவர், முதுமையில் பார்வையும் இழந்தவர். ஹாஜிகள் அவருடைய ஃபத்வாவுக்காகக் காத்திருந்தார்கள்.

சட்டமும் பேருந்தும்

நம் மாநிலத்தில் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை அரசு கைக்கொண்டது 2010ஆம் ஆண்டில். நல்ல மாற்றம். படிகள் மட்டும் பழைய படிகளாகவே நிற்கின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் பேர், தமிழ்நாட்டில் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேர் ஏதேனும் ஒரு குறைபாடு உடையவர்கள். முதுமையால் மூட்டுத் தேய்ந்து நடக்க முடியாதவர்கள் பலர் தம்மை இவ்வகையில் சேர்த்துச் சொல்வதேயில்லை.

1995ஆம் ஆண்டில் முதல் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுக் கட்டடம் என்றால் என்ன என்று இச்சட்டம் விளக்குமிடத்தில், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களும், சமய வழிபாட்டிற்கான இடங்களும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. அதாவது பள்ளிவாசல், மத்ரஸா, ஷாதி மஹால் யாவும் அடங்கும். புதிதாகக் கட்டுவோர் வரைபடம் போடும்போதே இதைக் கவனித்தால் பின்னர் இடித்துக் கட்டும் செலவு மிஞ்சும். அணுகுவதற்கு வசதி செய்வது விருப்பப்பட்டால் செய்யும் உபகாரமன்று, கட்டாயக் கடமை என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ராஜீவ் ரதூரி வழக்கில் வலியுறுத்தி, கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

பேருந்தின் கதை சற்றே நகைப்புக்குரியது. 2021ஆம் ஆண்டில், சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன்வரும் துணையாளரும் கட்டணமின்றிச் செல்லலாம் என்று தமிழக அரசு அறிவித்தது. பாராட்டத்தக்க அறிவிப்பு. ஆனால் உயரமான படிகள் கொண்ட பேருந்தில் சக்கர நாற்காலி ஏறுவது எவ்வாறு? சீட்டு இலவசம்; ஏறுவதற்குத்தான் வழியில்லை. சென்னையில் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை சென்று போராடிய பின்னர், 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய ஏழை என்ன செய்வார்? வாடகைக் கார் பிடிப்பார். அல்லது போகாமலே இருந்துவிடுவார்.

இன்னொரு செய்தியையும் ஜமாஅத் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த வழிசெய்யும் சட்டத் திருத்தம் 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. ஊர் நிர்வாகத்தில் அவர்களுக்கு இடம் அளிக்கலாமென்றால் நம் ஜமாஅத் கமிட்டியில் ஓர் இடம் ஏன் கூடாது? அமர்ந்து பேசும் வேலைதானே அது!

நாற்காலியில் இருந்துகொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்தவர் பலர் சிகிச்சைக்காகச் சென்று வரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் உருவாகக் காரணமாயிருந்தார். 1975இல், கடற்படைத் தேர்வின் உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவரை 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது தேடி வந்தது. இருவரும் பிற சமயத்தவர். நம் சமுதாயத்திலும் இத்தகையோர் இருக்கலாம். கூடத்து மூலையில் அமர்ந்திருப்பவரின் திறமை கூடத்தைத் தாண்டி எவருக்கும் தெரிவதில்லை.

இதெல்லாம் நம் ஊரில் நடக்காது என்பீர்களாயின், சக்கரத்தைப் பற்றிப் புதுக்கோட்டைக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்பேன். 1991ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத் தரப்பட்டது. ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். கேலி பேசினார்கள், ஏசினார்கள். பெண்களோ கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோக, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதன் வாயிலாக இச்செய்தி உலகறிந்தது. அன்று சைக்கிள் ஓட்டிய பெண்கள் இன்று பாட்டிகள். அவர்களுள் சிலருக்கு இப்போது மூட்டுவலி. நாற்காலி தேவைப்படும் வயது. அன்று கேலியைக் கடந்து சென்ற அவர்களை இன்று மூன்று படிகள் நிறுத்திவிடுகின்றன.

செய்ய வேண்டியது பெரிய வேலையன்று. சரிவுப் பாதைக்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம். பள்ளியின் அடித்தளம் ஒன்றரை அடி உயரமென்றால் பதினெட்டு அடி நீளம் வேண்டும். இடமில்லையே என்று அதை ஆறடியில் முடித்துவிடுகிறார்கள். அது மோட்டார் சைக்கிள் ஏறுவதற்கு உதவும், நாற்காலிக்கு உதவாது. ஏறும்போது பின்னால் கவிழ்க்கும், இறங்கும்போது ஓடிவிடும். நேராகப் போட இடமில்லையெனில் சுவரை ஒட்டித் திருப்பிப் போடலாம். வழவழப்பான கிரானைட் வேண்டாம், மழையில் வழுக்கும். இருபுறமும் கைப்பிடிக் கம்பி அவசியம். கதவின் அகலம் மூன்றடி இருந்தால் நல்லது. நம் வீடுகளில் குளியலறைக்கு மட்டும் இரண்டரை அடிக் கதவு வைத்துவிடுகிறோம்; நாற்காலியில் இருப்பவருக்கு மிகவும் தேவைப்படும் அறை அதுதான். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடமும், சுவரில் பற்றிக்கொள்ள ஒரு கம்பியும் இருக்க வேண்டும். ஹவுளின் ஓரத்தில் நாற்காலியில் இருந்தபடி எட்டும் உயரத்தில் ஒரே ஒரு குழாய். மையவாடிக்குள் ஜனாஸா செல்லும் வழியில், மணலில் சக்கரம் புதையாதிருக்க நான்கடி அகலத்திற்குச் சிமெண்டுத் தளம். தந்தையின் கப்ருக்கு மூன்று பிடி மண் போட வந்த மகன் வாயிலிலேயே நின்றுவிடக் கூடாதல்லவா?

வரும் வெள்ளியன்று தொழுகை முடிந்ததும் ஓர் அளவு நாடாவை எடுத்துச் சென்று, உங்கள் பள்ளிவாசல் படிகளின் மொத்த உயரத்தையும் வாயிலின் அகலத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் நாற்காலியில் இருப்பவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே திருப்புவது, எங்கே பிடிப்பது என்பதை அவரே சொல்லுவார். அந்தத் தாளை முதவல்லி சாஹிபிடம் கொடுங்கள். ரமளானுக்கு முன் சரிவுப் பாதை கட்டி முடிக்க இயலாதெனில், ஊரிலுள்ள வெல்டிங் பட்டறையில் சொல்லி, கழற்றி மாட்டக்கூடிய இரும்புச் சரிவு ஒன்றையேனும் தராவீஹ் தொடங்கும் இரவுக்குள் செய்து வாங்கிவிடலாம்.